தாவூது பாய் தூக்கிக் குடுத்த பிள்ளை

"ஏன் பாய், உங்களுக்குப் புஸ்தகம் காக்குற வேலையா, பிள்ளை மேய்க்கிற வேலையா?"

தாவூது பாயை வாரம் ஒருதரமாவது நான் இப்படிக் கேப்பேன். அவரு பாட்டுக்கு ஒரு பிள்ளைக்கு மூக்கைச் சிந்தி வுட்டுட்டு, இன்னொண்ணு வாயில போட்டுக்கிட்டிருக்கிற பேப்பரைப் புடுங்குவாரு. எனக்கு வாய் நீளம்னு சந்தைப்பேட்டைக்கே தெரியும். வாசகசாலை வாசப்படியை ஒட்டி கடலைக்காய் வேகவெச்சு விக்கிறவ நான், கண்ணம்மாள். புருசன் போய்ச் சேந்தாச்சு. பொழப்புக்குன்னு இருந்தது ஒரு அண்டாவும் இந்த வாயும்தான்.

தருமபுரியில அந்த வாசகசாலை வெள்ளைக்காரன் காலத்துல, முப்பத்தாறாம் வருசம் வந்துச்சு. ஓட்டுக் கட்டடம், ரெண்டு பீரோ புஸ்தகம், நீட்டு மேசை, அதுமேல பேப்பர். ஊர்ப் பெரிய மனுசங்க நாலு பேரு சேந்து கமிட்டி வெச்சு நடத்தினாங்க. புஸ்தகத்துக்கு பைண்டிங் தெரிஞ்ச ஆளா இருந்தா கிழிஞ்சதையும் தெச்சுக்குவான், பூட்டையும் பாத்துக்குவான்னு தாவூது பாயை வெச்சாங்க. சேலத்துல ஏதோ அச்சாபீசுல பதினஞ்சு வருசம் ஊசியும் பசையுமா கெடந்துட்டு வந்த மனுசன். ஒல்லி உடம்பு, காதுல எப்பவும் ஒரு நூல் தொங்கும். வூட்டுல வஹிதாம்மா மட்டும்தான். பிள்ளை குட்டி இல்ல.

பிள்ளைங்க உள்ள வந்த கதை வேற. வாசகசாலைக்கு முன்னாடிதான் சந்தை. வத்தல்மலையிலேருந்து பொம்பளைங்க சாமை, புளி, தேனு, கடுக்காய்னு தலையில தூக்கிக்கிட்டு விடியறதுக்குள்ள எறங்கிடுவாங்க. இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. வியாபாரம் பண்ணுவாளா, பிள்ளையப் பாப்பாளா? ஒரு சந்தை அன்னிக்கு மூட்டைக்குப் பின்னாடி தூங்கிட்டிருந்த ஒரு பொண்ணு பிள்ளை காலுமேல வண்டிச் சக்கரம் ஏறிடுச்சு. பாயிதான் ஓடிப்போய் தூக்கினாரு. அந்தப் பிள்ளைக்குக் கால் கடைசிவரைக்கும் சரியாகலை. அடுத்த சந்தைக்கு அவரே வாசல்ல நின்னுக்கிட்டு, "பிள்ளைங்கள உள்ள வுட்டுட்டுப் போங்கம்மா, நான் பாத்துக்கறேன்"னாரு.

கமிட்டி செக்ரட்டரி ஐயா வந்து பாத்துட்டு குதிச்சாரு. "என்னய்யா இது, லைப்ரரியா, தொட்டில் வூடா?"

"வாசகருங்கதாங்க ஐயா. படம் பாக்குதுங்க"ன்னாரு பாய். நெசமாவே எல்லாப் பிள்ளையும் பழைய காலண்டரை விரிச்சு வெச்சுக்கிட்டு மயிலைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. செக்ரட்டரிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அன்னிக்கு சிரிச்ச வாயிதான் பின்னாடி பாயை வெளிய போன்னு சொன்னது.

அந்த ஆளு செய்யறதைப் பாத்தா நமக்கே வெக்கமா இருக்கும், பெத்தவ கூட அவ்வளவு செய்ய மாட்டா. பின்பக்கம் கெணத்து மேல முள்ளு வெட்டிப் போட்டு மூடினாரு. கதவுல முழங்கால் ஒசரத்துக்கு ஒரு கயிறு கட்டி ஆட்டு மணியைத் தொங்கவுட்டாரு, எந்தப் பிள்ளை தவந்து வெளிய போனாலும் மணி கேக்கும். ஒரு பிள்ளை உள்ள வந்தா கொட்டாங்குச்சியில ஒரு புளியங்கொட்டை போடுவாரு. போனா ஒண்ணு எடுப்பாரு.

ஆனா எந்தப் பிள்ளை யாரோடதுன்னு எப்படித் தெரியும்? அதுதான் பெரிய தொல்லை. பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. எங்க பக்கம் பாதிப் பிள்ளைங்க மாதேஸு, மீதி தீர்த்தன். "மாதேஸு"ன்னா ஏழு தலை திரும்பும். சாயந்திரம் கூட்டிக்கிட்டுப் போறதுக்கும் ஆத்தாளே வரமாட்டா, நாத்தனாரு வருவா, பக்கத்து வூட்டுக்காரி வருவா, அவளைப் பாய்க்குத் தெரியாது. அதுக்குத்தான் அவரு ஒரு வழி கண்டுபுடிச்சாரு. காலையில பிள்ளையை வுடறப்ப ஆத்தா கட்டியிருக்கிற சீலை முந்தியில ஒரு விரல் அகலம் கிழிச்சு பிள்ளை மணிக்கட்டுல கட்டிடணும். சாயந்திரம் ஆத்தா வந்தா சீலையை வெச்சுப் பாத்துக் குடுப்பாரு. வேற யாரையாவது அனுப்பினா, அதே முந்தியில இன்னொரு துண்டு கிழிச்சுக் குடுத்து அனுப்பணும். பைண்டிங்காரன் புத்தி பாருங்க, கிழிஞ்ச ஏடு எந்தப் புஸ்தகத்துதுன்னு சேக்கற மாதிரி. ஒருத்தி சீலை மாதிரி இன்னொருத்தி சீலை இருக்காது அப்பல்லாம். ஒண்ணு சாயம் போயிருக்கும், ஒண்ணுல ஒட்டு இருக்கும். எட்டு வருசம் ஒரு பிள்ளை மாறலை.

இதுக்கு நடுவுல ஜெர்மன் சண்டை வந்துச்சு. அரிசிக்கு க்யூ, மண்ணெண்ணெய்க்கு க்யூ. துணியே இல்லாமப் போச்சு. நாப்பத்திநாலுல கண்ட்ரோல் சீலைன்னு ரேஷன் கடையில அளந்து குடுத்தாங்க. வெள்ளையில நீலக்கரை. எவ கட்டினாலும் வெள்ளையில நீலக்கரைதான். மானத்தை மறைக்கக் கெடைச்சுதேன்னு வாங்கிக் கட்டிக்கிட்டோம். நானும் ஒண்ணு வாங்கினேன்.

அந்த வருசம் ஐப்பசியில ஒரு சந்தை நாளு. காலையில வத்தல்மலை கருப்பி வந்தா. இருபது வயசு இருக்கும், முன்ன ரெண்டு பிள்ளை பொறந்து தங்காம மூணாவதா தங்கினவன் மாதேஸு. ரெண்டு வயசு, பேச்சு வரலை. புதுசாக் கண்ட்ரோல் சீலை கட்டியிருந்தா. அதைக் கிழிக்கறதுக்கு அவளுக்கு மனசே வரலை, பல்லக் கடிச்சுக்கிட்டு ஓரத்துல கிழிச்சுக் குடுத்தா. பாயி கட்டிட்டு என்கிட்ட வந்து சொன்னாரு. "கண்ணம்மா, இன்னிக்கு ரெண்டு பிள்ளை கையில ஒரே நீலக்கரை. இது சரிப்பட்டு வராது. அடுத்த சந்தைக்கு வேற ஏதாச்சும் யோசிக்கணும்."

"மூஞ்சியப் பாத்துக் குடுங்க பாய், கண்ணு என்னாத்துக்கு இருக்கு?"ன்னேன் நான்.

சாயந்திரம் நாலு மணிக்கு மழை புடிச்சுது பாருங்க, வானம் ஓட்டையான மாதிரி. சந்தையே எழுந்து ஓடி வந்து வாசகசாலைக்குள்ள நின்னுச்சு. ஆளு, கூடை, ஆட்டுக்குட்டி, ஈர நாத்தம். என் அடுப்பு அணைஞ்சுபோச்சு, அரை அண்டா கடலை ஊசிப்போவப் போவுது, எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிக் கெடந்துச்சு. அந்த மாதேஸு வேற மத்தியானத்துலேருந்து ஒரே கத்தல். பாயி அவனைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே, இன்னும் நாலு பேருக்குப் பிள்ளையைச் சேத்துக் குடுத்துக்கிட்டிருக்காரு.

அப்ப ஒரு பொம்பளை வாசப்படி ஏறி வந்து நின்னா. வெள்ளையில நீலக்கரை, தொப்பலா நனைஞ்சு. வாயே தெறக்கலை. அந்தப் பிள்ளையையே பாத்துக்கிட்டு நின்னா. பாத்த பார்வையில ஆத்தான்னுதாங்க தோணுச்சு. பாயி அவ முந்தியைப் பாத்தாரு, நனைஞ்சு சுருண்டதுல கிழிசலே தெரியலை, பிள்ளை கையைப் பாத்தாரு, அந்த மழை இருட்டுல அவ மூஞ்சியைப் பாத்தாரு. யோசிச்சாரு. நல்லா ஞாபகம் இருக்கு, அந்த மனுசன் யோசிச்சாரு.

நான் கத்தினேன். "என்னா பாய் ஆராய்ச்சி? ஆத்தா வந்து நிக்கறா, கண்ணு தெரியலையா? குடுத்துத் தொலைங்க, காது கிழியுது!"

குடுத்துட்டாரு. அவ ரெண்டு கையாலயும் வாங்கி, தன் முந்தியில பிள்ளையைச் சுத்தி, மழையில எறங்கிப் போயிட்டா. பாயி கொட்டாங்குச்சியிலேருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஜன்னல்ல வெச்சாரு.

வெத்தலை போட்டுத் துப்பற நேரம்தான் இருக்கும். கருப்பி வந்தா. வெறும் கூடையைத் தலையில கவுத்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே வந்தா, எல்லாம் வித்துப்போச்சாம். "பாயி, எம்பிள்ளை எங்க?"

பாயி கேட்ட மாத்திரத்துல மழைக்குள்ள ஓடினாரு. நாங்களும் ஓடினோம். பெண்ணாகரம் ரோடு, சேலம் ரோடு, பஸ் நிக்கிற எடம். இருட்டுக் கட்டினதுதான் மிச்சம். கருப்பி மாரில அடிச்சுக்கலை, மண்ணை வாரித் தூத்தலை. திரும்பி வந்து வாசப்படியில உக்காந்தா. "நான் மலைக்குப் போவ மாட்டேன். எம்பிள்ளை இங்கதான் வுட்டேன், இங்கதான் வரும்"னா. அவ திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் தேவலாமா இருந்திருக்கும்.

மறுநாளு தாவூது பாய் ஒரு குடையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. தொப்பூர்ப் பக்கம் ஒரு பொம்பளை பிள்ளையோட லாரி ஏறினதாப் பாத்தேன்னு ஒருத்தன் சொன்னான். மூணு நாளு கணவாய்ல அலைஞ்சு, பாத்தது வேற எவளோன்னு தெரிஞ்சு வந்தாரு. வந்தவரு கருப்பி மூஞ்சியைப் பாக்காம பின்பக்கமாப் போய் தண்ணி குடிச்சுட்டு, திரும்பவும் கெளம்பினாரு. வஹிதாம்மா தெனமும் கருப்பிக்குச் சோறு கொண்டாந்து வெப்பாங்க. அவ தொடமாட்டா. நான் களி கிண்டி உருட்டிக் குடுத்தா நாலு வாய் துன்னுவா. என்னை "அக்கா, அக்கா"ன்னு புடிச்சுக்கிட்டா. ராத்திரியெல்லாம் என் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் கண்ணை மூடுவா. அய்யோ சாமி, அந்தக் கை என்னைச் சுடும். சொல்லிடலாம்னு வாயெடுப்பேன், வராது. தவளை தன் வாயால கெடும்பாங்க. நான் கெடலை, எனக்குப் பதிலா அந்த மனுசன் கெட்டாரு.

பத்தாம் நாளு பாப்பாரப்பட்டிச் சந்தையில அவரை அடிச்சுப் போட்டுட்டாங்க. இவரு சந்தை வாசல்ல நின்னுக்கிட்டு வர்ற பிள்ளைங்க கையையெல்லாம் புடிச்சுப் புடிச்சுப் பாத்திருக்காரு. அப்ப எங்க பாத்தாலும் ஒரே புரளி, பாலம் கட்டறதுக்கு நரபலி குடுக்கப் பிள்ளை புடிக்கிறவன் சுத்தறான்னு. வுடுவாங்களா? சட்டை கிழிஞ்சு, ஒரு பல்லு போயி, ரோட்டோரம் கெடந்திருக்காரு. தண்ணி குடுத்த வளையல்காரி ஒருத்திதான் கதையைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கா, ஏரியூர்ப் பக்கம் காட்டோரமா நாலு வூடு இருக்கிற ஒரு கொட்டாயில, ஆவணியில குளிர் காய்ச்சல்ல பிள்ளையைப் பறிகுடுத்தவ இப்ப இடுப்புல ஒரு பிள்ளையோட தண்ணிக்குப் போறான்னு.

நேரா என்கிட்ட வந்தாரு. ஒதடு வீங்கிப்போயிருந்துச்சு. "நீ வா கண்ணம்மா. ஒரு ஆம்பளை ஒத்தையில போய் ஒரு பொம்பளை கையிலேருந்து பிள்ளையை வாங்க முடியாது. ஏற்கெனவே ஒரு ஊர்ல அடி வாங்கிட்டேன்."

கருப்பிகிட்ட சொல்லிக்கலை. இல்லைன்னு ஆயிட்டா அவ தாங்க மாட்டா. பெட்ரோல் கெடைக்காத சண்டைக் காலம், கரி அடுப்பு வெச்சு ஓட்டின பஸ்ஸுல பெண்ணாகரம் வரைக்கும் போனோம். மேட்டுல ஏற முடியாம அது நிக்கறப்பல்லாம் எல்லாரும் எறங்கித் தள்ளினோம். அடிபட்ட உடம்பை வெச்சுக்கிட்டு அவரும் தள்ளினாரு. அங்கேருந்து நடை. வழியெல்லாம் அவரு ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாரு. "அவனா இருக்கணும்."

அவன்தான். அவரைக்கொடிப் பந்தலுக்குக் கீழ மண்ணுல உக்காந்து மொச்சையைப் பொறுக்கி வெளையாடிக்கிட்டிருந்தான். பக்கத்துல உக்காந்திருந்த அந்தப் பொம்பளை அவன் தலைக்கு எண்ணெய் வெச்சிருந்தா, கண்ணுக்கு மை. கன்னம் முன்னைவிட உப்பியிருந்துச்சு. எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு. வந்த உசுரோட கோவமும் வந்துச்சு. "ஏண்டி பிள்ளைத் திருடி!"ன்னு அவ முடியைப் புடிக்கப் போனேன்.

சின்னபொண்ணு அவ பேரு. அவ ஓடலை. என் மூஞ்சியைப் பாத்தா.

"நான் கேக்கலியே அக்கா. மழைக்கு ஒதுங்கினேன். எம்பிள்ளை மாதிரி இருந்துச்சு, பாத்துக்கிட்டு நின்னேன். 'ஆத்தா வந்து நிக்கறா, குடுங்க'ன்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த ஐயாதானே தூக்கிக் கையில குடுத்தாரு? இல்லைன்னு சொல்ல வாய் வரலக்கா. நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடலாம்னுதான் இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு..."

நீட்டின என் கை அப்படியே கீழ எறங்கிடுச்சு. தாவூது பாய் அவளுக்கு எதுர்க்க மண்ணுல உக்காந்துட்டாரு. அவரு அழுது நான் அன்னிக்குத்தான் பாத்தேன். "தாயி, அவங்க ஆத்தா பதினோரு நாளா என் வாசப்படியில உக்காந்திருக்கா"ன்னாரு. சின்னபொண்ணு எழுந்து பிள்ளைக்கு மூஞ்சி கழுவி, ஒரு வாய் கூழ் ஊட்டி, அவரு கையில குடுத்துட்டு, வூட்டுக்குள்ள போய் படலைச் சாத்திக்கிட்டா. பிள்ளை அந்தப் படலைப் பாத்தே ஒரு மைல் தூரம் அழுதுச்சு.

கருப்பி கையில குடுத்தப்ப அவனுக்கு அவளை மறந்துபோயிருந்துச்சு. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். அவ அவன் உள்ளங்காலை மோந்து மோந்து பாத்தா. அரைமணி நேரம் கழிச்சு அவனா அவ மாரைத் தேடினான். அப்பதான் பதினோரு நாள் அழுகையையும் சேத்து அழுதா.

அதோட முடிஞ்சிருக்கலாம். ஊர் வுடுமா? கமிட்டி கூடிச்சு. செக்ரட்டரி, மத்த பெரிய மனுசங்க, ஸ்டேஷன்லேருந்து ஏட்டு. ஒரு பக்கம் கருப்பி பிள்ளையோட, அவ பக்கத்துல நான், நடுவுல பாய்.

"அந்தப் பொம்பளை பேரைச் சொல்லு. பிள்ளை திருடின கேஸு"ன்னாரு ஏட்டு.

"அவ திருடலைங்க. சும்மா நின்னா. நான்தான் தூக்கிக் குடுத்தேன்."

"அடையாளம் பாக்காமயா குடுத்தே?"

"பாத்தேங்க. ஒரே துணியா இருந்துச்சு. மூஞ்சியை இன்னும் நல்லாப் பாத்திருக்கணும். தப்பு என்னுது."

செக்ரட்டரி மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாரு. "எட்டு வருசம் தப்பு பண்ணாத ஆளு நீ. யாராச்சும் அவசரப்படுத்தினாங்களா? யாராச்சும் இவதான் ஆத்தான்னு சொன்னாங்களா? யோசிச்சுச் சொல்லு. சொன்னா உன் வேலை நிக்கும்."

நான்தான் சொன்னேன்னா என்னையும் தொரத்திடுவாங்க. வாசப்படி போனா என் பொழப்பு போச்சு. அதைவிட, என் கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாளே, இவ அந்தக் கையை உதறுவாளே. அதுதான் எனக்குத் தாங்கலை. சொல்லு, சொல்லுன்னு உள்ள ஒண்ணு கத்துது. சந்தையையே வாயால அடக்கறவ நான், குனிஞ்சு கருப்பி பிள்ளையோட மூக்கைத் தொடைச்சு வுட்டேன்.

பாயி என் பக்கம் திரும்பக்கூட இல்ல.

"யாரும் சொல்லலைங்க"ன்னாரு.

சாவியை வாங்கிக்கிட்டாங்க. பிள்ளைகளுக்கு உள்ள எடமில்லைன்னு கதவுல எழுதி ஒட்டினாங்க. எதுர்ல புளியமரத்தடியில சாக்கு விரிச்சு கணக்கு நோட்டு தெச்சுக் குடுத்துப் பொழைக்க ஆரம்பிச்சாரு பாய். ஒரு நாள் யாரும் இல்லாதப்ப போய் நின்னேன். "பாய், நான்..."னு ஆரம்பிச்சேன். "வேண்டாம் கண்ணம்மா. குடுத்த கை என்னுது. நீ போய் அடுப்பைப் பாரு"ன்னுட்டாரு. நாலு வார்த்தை திட்டித் தொலைச்சிருக்கலாம் அந்த மனுசன்.

அடுத்த சந்தை வந்துச்சு. பொம்பளைங்க பிள்ளைகளை எங்க வுடுவாங்க? இடுப்புல கயித்தைக் கட்டி வண்டிச் சக்கரத்துல கட்டிப் போட்டாங்க, ஆட்டுக்குட்டி கணக்கா. வெயில்ல கெடந்து கத்துதுங்க. ஒண்ணு மாட்டுக் காலுக்குக் கீழயே போய்ப் படுத்துக்கிச்சு. பாயி நோட்டை வுட்டுட்டு எழுந்து எழுந்து போய் நெழலுக்கு நகத்தி வுட்டுட்டு வருவாரு. ஒரு ஆத்தாக்காரி அவரைப் பாத்து, "நீ தொடாதே, போ"ன்னா.

கருப்பி மலையிலேருந்து எறங்கி வந்தா. தலையில சாமை மூட்டை, இடுப்புல மாதேஸு. புளியமரத்தைத் தாண்டித்தான் வரணும். பிள்ளை பாயைப் பாத்ததும் அடையாளம் கண்டுக்கிட்டு கையை நீட்டிச்சு. அவரு பாதி எழுந்து ரெண்டு கையையும் நீட்டினாரு. கருப்பி பிள்ளை தலையைத் தோள்ல அமுக்கிக்கிட்டு, வேகமாத் தாண்டி நேரா என்கிட்ட வந்தா.

"அக்கா, உன்னை வுட்டா எனக்கு யாரு? அந்தாளு மாதிரி எவகிட்டயோ தூக்கிக் குடுத்துட மாட்டே நீ. சாயந்திரம் வரைக்கும் பாத்துக்கோக்கா."

எதுர்ல தாவூது பாய் நீட்டின கையை மடியில வெச்சுக்கிட்டு, குனிஞ்சு ஊசியில நூல் கோத்துக்கிட்டிருந்தாரு.

"குடுடி"ன்னு சொல்லி, நான் பிள்ளையை வாங்கிக்கிட்டேன்.